கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்: துர்க்மென் நெசவு, ஓர் அறிமுகம்

போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புதிதாக ஒரு கம்பளம். செக்கச்செவேலென்ற தரை, அதில் வரிசை வரிசையாக எட்டுமூலைப் பூக்கள். "ஒரிஜினல் புக்காரா. நூறு வருஷப் பழசு. இந்தப் பூ இருக்கே, அது தெக்கே குடியோட முத்திரையாம். கடைக்காரர் சொன்னார்" என்றார். அவர் சொன்ன மூன்றுமே எனக்கு உறுத்தின. காபியைக் குடித்து முடித்துவிட்டு, "மூலையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். துர்க்மென் நெசவைப் பற்றி இணையத்திலும் கடைகளிலும் புழங்கும் பேச்சில் பாதி, வியாபாரிகள் கட்டிவிட்ட கதை.

புக்காரா என்பது சந்தையின் பெயர்

பம்பாய் மிட்டாய்க்கும் பம்பாய்க்கும் என்ன சம்பந்தமோ, கிட்டத்தட்ட அதே சம்பந்தம்தான் இந்தக் கம்பளங்களுக்கும் புக்காரா நகரத்துக்கும். இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் அந்த நகரம் பெரிய வணிகச் சந்தை. கம்பளங்கள் அங்கே கைமாறின. வாங்கியவர்கள் சந்தையின் பெயரையே சரக்குக்கும் வைத்துவிட்டார்கள். நெய்தவர்கள் வேறு.

நெய்தவர்கள் துர்க்மென் பெண்கள். காஸ்பியன் கடலுக்கும் அமு தாரியா ஆற்றுக்கும் நடுவே காராகும் என்ற பெரிய பாலைவனம் கிடக்கிறது. அதன் விளிம்புகளிலும் சோலைகளிலும் ஆடு, ஒட்டகம், குதிரை வளர்த்தும் கொஞ்சம் பயிர் செய்தும் வாழ்ந்தவர்கள் துர்க்மென்கள். பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. இன்று துர்க்மெனிஸ்தானிலும், வடகிழக்கு ஈரானிலும், வடக்கு ஆப்கானிஸ்தானிலும் பரவியிருக்கிறார்கள். ஒரே அரசின் கீழ் அல்லாமல் குடிகளாக வாழ்ந்தார்கள். குடி என்றால் ஒரே மூதாதையின் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெருங்கூட்டம். தெக்கே, யோமுத், சாலோர், சாரிக், எர்சாரி, சோவ்தூர் ஆகியவை கம்பளப் பேச்சில் அடிக்கடி அடிபடும் குடிப்பெயர்கள்.

தரை விரிப்பு மட்டுமல்ல

கம்பளம் என்றதும் நமக்குக் கூடத்தில் விரிப்பதுதான் நினைவுக்கு வரும். துர்க்மென் வீடு என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்து இறுக்கிய கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம். பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். அங்கே பீரோ கிடையாது, அலமாரி கிடையாது, கதவுக்குத் திரைதான். ஆகவே வீட்டுச் சாமான் முக்கால்வாசி நெய்யப்பட்டதாக இருந்தது.

துணிமணி வைக்கும் பெரிய பை சுவால். கூடாரச் சுவரில் தொங்கும் இது அலமாரி வேலையைச் செய்தது. அதைவிடச் சிறியது, அகலமாகவும் குட்டையாகவும் இருப்பது தோர்பா. வாசலில் தொங்குவது என்சி. தரைக்கான பெரிய விரிப்பு ஹாலி. கூடாரத்தின் மரச்சட்டத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்று உண்டு. அகலம் ஓரடிக்குச் சற்று அதிகம், நீளமோ 12 முதல் 15 மீட்டர். எனக்கு மிகவும் பிடித்தது அஸ்மாலிக். மணப்பெண் ஊர்வலமாகப் போகும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்கவிடும் ஐந்து மூலைத் துண்டு. ஜோடியாகவே நெய்வார்கள். இன்று ஜோடி பிரியாமல் கிடைப்பது அபூர்வம்.

என்சி மேல் ஒரு தவறான கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நடுப்பகுதி நான்கு கட்டமாகப் பிரிந்திருக்கும். அந்தப் பிரிப்பு சிலுவைபோலத் தெரிந்ததால் வியாபாரிகள் ஆர்மீனியச் சொல்லிலிருந்து 'ஹாச்லி' என்று பேர் வைத்தார்கள். இன்னொரு கூட்டம் அதைத் தொழுகை விரிப்பு என்று விற்றது. வாசல் திரைக்கு வந்த வாழ்வு.

இந்தச் சாமான் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள் நெய்கிறோம் என்பதே பெரும்பாலும் என்ன வடிவம் வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. குடி எது என்பது அதற்கு அப்புறம்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதியெல்லாம் எளிது.

ஜமக்காளத்துக்கும் கம்பளத்துக்கும் என்ன வித்தியாசம்?

பவானி ஜமக்காளம் எல்லோருக்கும் தெரியும். தறியில் நீளவாக்கில் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. இரண்டும் பின்னிக்கொள்ள, தட்டையான விரிப்பு கிடைக்கிறது. நிறம் ஊடையிலிருந்து வருகிறது.

முடிச்சுக் கம்பளத்தில் மூன்றாவதாக ஒரு நூல் சேர்கிறது. இரண்டு பாவு நூல்களை ஒரு ஜோடியாகப் பிடித்து, அதில் சிறிய வண்ணக் கம்பளி இழையைச் சுற்றி, முனைகளை முன்பக்கம் விட்டு வெட்டிவிடுவார்கள். இதுதான் முடிச்சு. ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்குவார்கள். பிறகு அடுத்த வரிசை. முன்பக்கம் நிற்கும் முனைகள் எல்லாம் சேர்ந்து மெத்தென்ற மயிர்ப்பரப்பு ஆகின்றன.

நல்ல தெக்கே விரிப்பில் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 முதல் 200 முடிச்சு இருக்கும். நுண்ணிய பைகளில் 300-ஐயும் தாண்டும். சுமாராக 150 என்று வைத்து 2 மீட்டருக்கு 3 மீட்டர் விரிப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 14 லட்சம் முடிச்சு. தறியோ தரையில் நான்கு முளை அடித்துக் கட்டிய படுக்கைத் தறி. இடம் பெயரும்போது நெய்தவரைக்கும் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.

குல்: பூவா, புள்ளிக் கணக்கா?

நண்பர் காட்டிய எட்டுமூலைப் பூவுக்குப் பெயர் குல். பாரசீகத்தில் பூ என்று பொருள். துர்க்மென் நெசவில் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் பெரிய வடிவங்களைக் குல் என்று அழைக்கிறார்கள்.

குல்லைப் பூவாகப் பார்ப்பதைவிடப் புள்ளிக் கோலமாகப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி. வளைகோடு என்பதே சாத்தியமில்லை. படிப்படியாக ஏறி இறங்கும் கோடுதான். அதனால்தான் எல்லா வடிவமும் சற்று மூலைமூலையாக இருக்கிறது. துர்க்மென் பெண்கள் வீட்டில் நெய்தபோது வரைபடத்தாள் வைத்து நெய்யவில்லை. முதல் வரிசையில் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம், அடுத்த வரிசையில் எத்தனை என்பது கையில் ஏறியிருக்கும். பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்து என்று சொன்னால் ஒரு கோலக்காரிக்கு முழுக் கோலமும் தெரிந்துவிடுகிறதல்லவா, அந்த மாதிரி. மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தும், சுவரில் தொங்கும் பழைய பையைப் பார்த்தும் கற்றுக்கொள்வாள்.

தெக்கே குல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஓரங்கள் சற்றே அலைபோல வளைந்த எண்கோணம். உள்ளே நான்கு கால்பகுதி. மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் கால்பகுதிகளுக்கு ஒரே நிறம். எல்லா குல்களின் மையத்தின் வழியாகவும் மெல்லிய கருநீலக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, தரை முழுவதையும் கட்டம் போட்டு வைக்கின்றன. கட்டத்தின் நடுவில், பெரிய குல்களின் இடைவெளியில், சிறிய துணைக் குல்கள். இந்த அணிவகுப்பு கரையருகே வந்ததும் சட்டென்று வெட்டுப்படும். சன்னல் வழியே தெரியும் தோட்டம் சன்னல் சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. அப்படித்தான் இதுவும் கரைக்கு அப்பாலும் போய்க்கொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. புள்ளிக் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும், வரிசைகளை இறுக்கி அடித்தால் குல் சப்பையாகிவிடும். தளர்த்தினால் உருண்டையாக நிற்கும். தெக்கே விரிப்புகளில் உருண்டை குல் பழையது, சப்பைக் குல் பிந்தியது என்று சேகரிப்பாளர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான். உத்தேச விதிதான், அதை வைத்துப் பந்தயம் கட்ட முடியாது.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணைக் குல் ஒன்றுக்குக் 'குர்பாகா', அதாவது தவளை, என்று பெயர். யோமுத்களின் கொக்கி வைத்த சாய்சதுரத்துக்கு 'திர்நாக்', அதாவது நகம். பார்க்க அப்படி இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். இதை வைத்துத் தவளை வழிபாடு, மறுபிறப்பு, ஷாமன் சடங்கு என்று நூல் நூற்பவர்கள் ஏராளம். எர்சாரி நெசவில் வரும் பெரிய எண்கோணத்துக்கு மேற்கத்திய வியாபாரிகள் வைத்த பெயர் 'யானைக்கால்'. காராகும் பாலையில் யானை ஏது? நமக்கோ அது வியாதியின் பெயர். அர்த்தம் சொல்லி விற்பவர்களிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது பர்ஸுக்கு நல்லது.

இதுவரை பார்த்ததில் முக்கியமானவை இரண்டு. கம்பளம் என்பது பாவு, ஊடை, முடிச்சு மூன்றும் சேர்ந்தது. குல் என்பது கையில் மனப்பாடமாக இருக்கும் முடிச்சுக் கணக்கு. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் எவரும் நெய்யலாம்.

ஒரு குடிக்கு ஒரு குல்லா?

துர்க்மெனிஸ்தானின் கொடியைப் பார்த்திருப்பீர்கள். பச்சைத் தரையில் இடப்பக்கம் சிவப்புப் பட்டை, அதில் மேலிருந்து கீழாக ஐந்து குல்கள். 1992-இல் ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு அது. ஐந்தும் ஐந்து பெருங்குடிகளின் அடையாளம் என்று விளக்கம். தெக்கே, யோமுத், எர்சாரி, சோவ்தூர், சாரிக். இதைப் பார்ப்பவர்களுக்கு, ஒவ்வொரு குடிக்கும் ஒரு குல், சோழனுக்குப் புலி பாண்டியனுக்கு மீன் மாதிரி, என்ற எண்ணம் வருவது இயல்பு.

இந்த எண்ணத்துக்கு ஆராய்ச்சி உருவம் கொடுத்தவர் வாலன்தீனா மோஷ்கோவா என்ற சோவியத் இனவரைவியலாளர். குடியின் சின்னமாக இருந்த குல் வேறு, வெறும் அலங்காரமான குல் வேறு என்று பிரித்தார். போரில் தோற்ற குடி தன் சின்னத்தைப் பெரிய விரிப்பில் நெய்யும் உரிமையை இழந்து, வென்றவரின் சின்னத்தை நெய்ய நேரிட்டது என்பது அவர் வாதம். நல்ல கதை. அதனாலேயே வேகமாகப் பரவியது.

ஆனால் கம்பளங்களை வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தால் கதை தடுக்குகிறது. 'தாவுக் நவுஸ்கா' என்றொரு குல் உண்டு. எண்கோணத்துக்குள் சிறிய இரட்டைத்தலை விலங்குகள் நிற்கும். இதை யோமுத், எர்சாரி, சோவ்தூர், அராபாச்சி என்று பல குடிகளும் தங்கள் பெரிய விரிப்புகளிலேயே நெய்திருக்கிறார்கள். யார் யாரை வென்றார்கள் என்று சொல்வது? மறுபக்கம், யோமுத்கள் ஒரே குல்லோடு நிற்கவும் இல்லை. கெப்சே, திர்நாக், தாவுக் நவுஸ்கா என்று பல குல்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒரு குடிக்கு ஒரு குல் என்ற கணக்குக்கு ஓரளவு ஒத்துப்போவது தெக்கே மட்டும்தான். அவர்கள் விரிப்புதான் அதிகம் விற்றது என்பதால் அந்த விதி எல்லோருக்கும் பொது என்றாகிவிட்டது.

பைகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. சுவால் பைகளில் வரும் குல் ஒன்றை 'சுவால் குல்' என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ எல்லாக் குடிகளிடமும் இருக்கிறது. என்சியின் நான்கு கட்டமும் அப்படியே. விரிப்புக்கு இது, பைக்கு இது, வாசலுக்கு இது என்ற பொது ஏற்பாட்டை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். எட்டிப் பார்த்தால் இந்தப் பகிர்வு துர்க்மென் எல்லையையும் தாண்டுகிறது. கொக்கி வைத்த எண்கோணம் ஒன்றுக்கு 15-ஆம் நூற்றாண்டுப் பிளெமிஷ் ஓவியர் ஹான்ஸ் மெம்லிங்கின் பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் ஓவியங்களில் விரித்துக் கிடக்கும் கம்பளங்களில் அது வருவதால். அதே வடிவம் அனத்தோலியா (இன்றைய துருக்கி), காகசஸ், துர்க்மென் நெசவு மூன்றிலும் தலைகாட்டுகிறது.

கொடியில் இடம்பெறாத ஒரு குடிதான் இதில் சுவாரசியமானது: சாலோர். 1830-களின் தொடக்கத்தில் ஈரானை ஆண்ட கஜார் வம்சத்தின் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சாவின் படை சரக்ஸில் சாலோர்களை முறியடித்தது. அதன்பின் அவர்கள் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் அவர்கள் பைகளில் நெய்த, ஓரம் கோட்டை மதில்போல இருக்கும் குல், தெக்கேயும் சாரிக்கும் நெய்த பைகளில் தொடர்ந்து வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவதும் சாலோர் நெசவைத்தான்.

அப்படியானால் யார் நெய்தது என்று எப்படிச் சொல்வது?

புரட்டிப் பார்த்துத்தான். ஒரே கோலத்தை ஒரு தெருவில் பத்துப் பேர் போடலாம். இழை இழுக்கும் கை ஆளுக்கு ஆள் வேறு. துர்க்மென் நெசவில் அந்தக் கை முடிச்சில் தெரியும்.

இரண்டு பேர் தோள் உரசி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் ஜோடிப் பாவு நூல். ஒரு நீளத் துண்டை இருவர் கழுத்துக்கும் முன்னால் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் வெளிப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோய், நடுச் சந்து வழியாக முன்னால் இழுங்கள். இருவர்மேலும் ஒரே மாதிரி சுற்றியிருக்கிறது. இது சமச்சீர் முடிச்சு. இப்போது துண்டை ஒருவர் கழுத்தில் மட்டும் முழுக்கச் சுற்றுங்கள். மற்றவருக்குப் பின்னால் சும்மா ஓட்டி, அவருடைய வெளிப்பக்கமாக முன்னால் எடுங்கள். இது சமச்சீரற்ற முடிச்சு. சுற்றப்படாத ஆள் இடப்பக்கம் நின்றால் இடத்திறப்பு, வலப்பக்கம் நின்றால் வலத்திறப்பு.

சிறு வயதில் எப்படிப் பழகினார்களோ அப்படித்தான் கை ஓடும். யாரும் பூவைப் பார்த்துக் காப்பியடிக்கலாம். முடிச்சுப் போடும் பழக்கத்தை அவ்வளவு எளிதில் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். சாலோர் கைக்கு இடத்திறப்பு. அதோடு ஜோடியில் ஒரு நூலைப் பின்னால் தள்ளி, பின்பக்கம் வரிவரியாகத் தெரியும்படி நெய்வார்கள். தெக்கே கைக்கு வலத்திறப்பு, பின்பக்கம் சமதளம். சாரிக் கைக்கும் பெரும்பாலான யோமுத் கைக்கும் சமச்சீர் முடிச்சு. ஆகவே ஒரே மதில் குல் போட்ட மூன்று பைகளை எடுத்துவைத்தால், முன்பக்கம் மூன்றும் அக்கா தங்கை. பின்பக்கம் மூன்றும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள்.

நூலும் துப்புக் கொடுக்கும். பழைய துர்க்மென் நெசவில் பாவு கம்பளியாகவே இருக்கும். சாரிக் பெண்கள் வெள்ளை நிறத்துக்குப் பருத்தியைத் தேடினார்கள். அவர்கள் நெசவில் அந்த வெண்மை தனித்துத் தெரியும். சாலோர் துண்டுகளில் ஆங்காங்கே பட்டு மின்னும்.

சிவப்பின் வேர்

துர்க்மென் சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து வந்தது. அதில் சிவப்பைத் தரும் முக்கியப் பொருள் அலிசாரின். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது அதே அலிசாரின்தான். இங்கேபோலவே அங்கேயும் படிகாரம் போட்டால்தான் நிறம் நூலைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு சேர்ந்தால் சிவப்பு கறுத்து ஊதாப் பழுப்பாகும். நீலம் அவுரியிலிருந்து.

1881 ஜனவரியில் ரஷ்யப் படை துர்க்மென்களின் கோக் தெபே கோட்டையைப் பிடித்தது. காஸ்பியன் கரையில் 1880-இல் தொடங்கிய ரயில் பாதை 1888-இல் சமர்கந்து போய்ச் சேர்ந்தது. ரயிலோடு வெளிநாட்டு வியாபாரிகளும் வந்தார்கள், செயற்கைச் சாயமும் வந்தது. ஆரம்பகாலச் சாயங்கள் சில வெயிலுக்குத் தாங்காதவை. மயிர்ப்பரப்பை விரலால் விலக்கிப் பாருங்கள்: நுனி வெளிறி, முடிச்சின் அடியில் பளீரென்று இருந்தால் அந்தச் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்திலேயே எத்தனையோ சுவால் பைகளின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி விற்றார்கள். பையின் பின்பக்கம் குப்பைக்குப் போனது.

வயது என்னும் தலைவலி

தேதியை நெய்யும் வழக்கம் துர்க்மென்களிடம் மிக அரிது. இன்று கையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கார்பன் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஆட்டின் உடலிலிருந்து கத்தரித்த நாளோடு கம்பளி புதிய கார்பன் ஏற்பதை நிறுத்திவிடும். மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லலாம். ஆனால் சுமார் 1650-க்குப் பிந்தைய காலத்தில் காற்றிலிருந்த கார்பனின் அளவு ஏறி இறங்கியதால், ஒரே அளவுக்குப் பல தேதிகள் பொருந்திவிடுகின்றன. 1690-உம் 1850-உம் ஒரே விடையாக வந்து நிற்கும். 1650-க்கு முந்தியது என்றால் மட்டும் சோதனை தைரியமாகப் பேசும். சில துண்டுகள் அப்படி அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்னால் போயும் இருக்கின்றன.

சரி, நண்பரின் கம்பளம். மூலையைப் புரட்டினோம். குஞ்சம் வெள்ளைவெளேரென்று, மெஷினில் நூற்ற பருத்தி. குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம்தானே. ஆக, பாவே பருத்தி. தெக்கே குல் போட்டு இப்படிப் பருத்திப் பாவில் நெய்வது, 1947-க்குப் பிறகு பாகிஸ்தானில் லாகூர், கராச்சிப் பக்கப் பட்டறைகளில் வளர்ந்த தொழில். 'புக்காரா' என்ற பேரில் உலகமெல்லாம் போகிறது. நெசவு சுத்தமாக இருந்தது, கம்பளியும் நல்ல கம்பளி. நூறு வருஷம் மட்டும் இல்லை.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அவர் மனைவிதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அப்ப பாப்பா இதுமேல பாலைக் கொட்டினாப் பரவாயில்லையா, அண்ணா?"

பரவாயில்லை என்றேன்.